ஆறு ஏர்பேக்கா, நல்ல சீட் பெல்ட்டா: கார் வாங்கும்போது எதற்குக் காசு கொடுப்பது?

ஷோரூமுக்குள் நுழைந்ததும் இப்போதெல்லாம் மைலேஜுக்கு அடுத்து வரும் கேள்வி "எத்தனை ஏர்பேக்?" என்பதுதான். விற்பனையாளரும் ஆறு என்று சொல்லிவிட்டு சன்ரூஃபைக் காட்டப் போய்விடுவார். சீட் பெல்ட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் "எல்லாத்துலயும் இருக்கு சார்" என்றுதான் பதில் வரும். இருக்கிறதுதான், ஆனால் பெல்ட்டுக்குப் பெல்ட் வித்தியாசம் உண்டு, ஏர்பேக்குக்கு ஏர்பேக் வித்தியாசம் உண்டு. ஒரே பட்ஜெட்டில் இரண்டு மூன்று கார்களை வைத்துக்கொண்டு முழிக்கிறவர்கள் பார்க்க வேண்டியது அந்த வித்தியாசத்தைத்தான்.

குழப்பம் பெரும்பாலும் மூன்று வகைக் கார்களுக்கு நடுவில்தான் வருகிறது. ஒன்று, பாடி உறுதியாக இருந்து, முன்சீட்டில் நல்ல பெல்ட்டும் இரண்டே ஏர்பேக்கும் உள்ள கார். சில வருடம் ஓடிய செகண்ட் ஹேண்ட் கார்கள் பலவும் இந்த வகை. இரண்டு, ஆறு ஏர்பேக்கோடு வரும் புதிய பேஸ் வேரியன்ட். மூன்று, உட்கார்ந்திருக்கும் ஆளையும் மோதலின் கடுமையையும் பார்த்துத் தன் பலத்தை மாற்றிக்கொள்ளும் அடாப்டிவ் ஏர்பேக், அடாப்டிவ் பெல்ட் உள்ள விலை கூடிய கார்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி, காரில் யார் எங்கே உட்காரப் போகிறார்கள் என்பது. தனியாக ஆபீஸ் போய் வருகிறவரின் தேவை வேறு, வாராவாரம் அப்பா அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஊருக்குப் போகிறவரின் தேவை வேறு. இரண்டாவது, எந்த மாதிரி மோதலுக்குப் பயப்படுகிறோம்: நெடுஞ்சாலையில் நின்றிருக்கும் லாரியின் பின்னால் போய் இடிப்பதா, சந்திப்பில் குறுக்கே வரும் வண்டி கதவில் வந்து இடிப்பதா? மூன்றாவது, நம் வீட்டுப் பழக்கவழக்கங்களுக்கு அந்தப் பாதுகாப்பு தாக்குப்பிடிக்குமா. நான்காவது, பில்லில் வராத செலவு.

பாடியின் உறுதி இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. உட்காரும் கூண்டு நசுங்கிப்போனால் பெல்ட்டும் ஏர்பேக்கும் வேலை செய்ய இடமே இருக்காது. இதற்கு நல்ல சாட்சி, கார்களை மோதவிட்டுப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனைகள். 2018ல் இரண்டே ஏர்பேக்கோடு போன டாடா நெக்ஸான் 5 நட்சத்திரம் வாங்கியது. 2022ல் ஆறு ஏர்பேக்கோடு போன கியா காரன்ஸ் 3 நட்சத்திரம்தான் வாங்கியது. அதன் பாடி நிலையற்றது என்று அறிக்கை சொன்னது. ஏர்பேக்கை எண்ணி மட்டும் கார் வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

## மோதும் அந்தப் பத்தில் ஒரு நொடியில் என்ன நடக்கிறது

இது புரியாமல் ஒப்பிடவே முடியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூன்று முனை சீட் பெல்ட் 1959ல் வால்வோ கார் கம்பெனியின் இன்ஜினியர் நில்ஸ் போலின் கொண்டுவந்தது. இடுப்பிலும் தோளிலும் பிடித்து, உடலின் எலும்பு பலமான இடங்களில் விசையை இறக்கும் அந்த அமைப்பு இன்றும் மாறவில்லை. மாறியது பெல்ட்டின் இரண்டு முனைகளில் ஒளிந்திருக்கும் சாமான்கள். ப்ரீடென்ஷனர் என்பது ஒரு சின்ன வெடிமருந்து. மோதலை சென்சார் உணர்ந்த சில மில்லி நொடிகளில் அது வெடித்து பெல்ட்டைச் சுண்டி இழுக்கும், தொளதொளவென்று கிடந்த பல சென்டிமீட்டர் பெல்ட் உள்ளே போய் உடம்பு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். லோடு லிமிட்டர் இதற்கு நேர் எதிரான வேலை செய்கிறது. பெல்ட் சுற்றியிருக்கும் உருளைக்குள் ஒரு இரும்புத் தண்டு உண்டு. நெஞ்சின் மீது விசை ஒரு அளவைத் தாண்டினால், பல கார்களில் சுமார் 400 கிலோ எடைக்குச் சமமான விசை, அந்தத் தண்டு ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கிக்கொண்டு பெல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். விலா எலும்பு உடையாமல் காப்பது இந்த விட்டுக்கொடுப்புதான்.

பெல்ட் விட்டுக்கொடுத்தால் ஆள் முன்னால் போவார், அப்போது அவரைத் தாங்க எதிரில் ஏதாவது வேண்டும். அங்கேதான் ஏர்பேக். மோதியது முதல் இருபதில் ஒரு நொடிக்குள் அது விரிந்து நிற்கிறது, ஆள் அதில் போய்ப் படியும்போது பின்பக்க ஓட்டைகள் வழியாகக் காற்றை விட்டுத் தலையை மெதுவாக நிறுத்துகிறது. ஆக இது இரண்டும் சேர்ந்து போடும் கணக்கு. அமெரிக்க சாலைப் பாதுகாப்புத் துறையான என்எச்டிஎஸ்ஏ சொன்ன மதிப்பீடு இதைத் தெளிவாகக் காட்டும்: நேருக்கு நேர் மோதலில் சாவு அபாயத்தை ஏர்பேக் மட்டும் 34 சதவீதம் குறைக்கிறது, மூன்று முனை பெல்ட் மட்டும் 50 சதவீதம், இரண்டும் சேர்ந்தால் 61 சதவீதம். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் வந்தால் பெல்ட்டைத் தேர்ந்தெடுங்கள் என்று இதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியாது.

பெல்ட் போடாவிட்டால் ஏர்பேக் விரியவே விரியாது என்று நம் ஊரில் பலரும் சொல்வார்கள். பொதுவாக அது சரியில்லை. அமெரிக்கக் கார்களைப் பற்றிய கணக்கில், பெல்ட் போடாதவருக்கு மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவதற்குச் சமமான அடியிலேயே முன் ஏர்பேக் விரிகிறது, பெல்ட் போட்டவருக்கு சுமார் 26 கிலோமீட்டரில். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. பெல்ட் இல்லாதவர், பிரேக் பிடித்த நேரத்திலேயே டேஷ்போர்டுக்குப் பக்கத்தில் போயிருப்பார்; விரிந்து முடித்த பையில் படிவதற்குப் பதில், விரிந்துகொண்டிருக்கும் பையின் குத்தை நேராக வாங்குவார். 1990 முதல் 2008 வரை அமெரிக்காவில் குறைந்த வேக மோதல்களில் ஏர்பேக்காலேயே 290 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் பெல்ட் போடாதவர்கள் அல்லது சரியாகப் போடாதவர்கள், கிட்டத்தட்ட 90 சதவீத சாவுகள் 1998க்கு முன் தயாரான கார்களில். அடாப்டிவ் ஏர்பேக் என்ற யோசனைக்கு உந்துதலே இந்தச் சாவுகள்தான்.

## முதல் வகை: உறுதியான பாடி, நல்ல பெல்ட், இரண்டு ஏர்பேக்

முன்சீட்டில் ப்ரீடென்ஷனரும் லோடு லிமிட்டரும் இருந்து, கிராஷ் டெஸ்டில் பாடி நிலையாக நின்றிருந்தால், நேருக்கு நேர் மோதலில் இந்தக் கார் யாருக்கும் சளைத்ததில்லை. 2025ல் இந்தியாவின் மோதல் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் சோதித்த மாருதி பலேனோவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஏர்பேக் வேரியன்ட், ஆறு ஏர்பேக் வேரியன்ட் இரண்டும் 4 நட்சத்திரம். பெரியவர்கள் பாதுகாப்பில் 32க்கு ஒன்று 24.04, மற்றது 26.52. சுமார் இரண்டரைப் புள்ளி வித்தியாசம், அதுவும் பக்கவாட்டு மோதலில் வந்தது.

குறை அதேதான்: பக்கவாட்டு மோதல். கதவுக்கும் உங்கள் தோளுக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தால் அதிகம், அங்கே பெல்ட் செய்யக்கூடியது கொஞ்சம்தான். கம்பத்திலோ மரத்திலோ கார் பக்கவாட்டில் போய் மோதும்போது தலையைக் காப்பது ஜன்னலோரம் திரையாக இறங்கும் கர்ட்டன் ஏர்பேக், அதற்கு மாற்று இல்லை.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் வேறு தலைவலிகள். ஒருமுறை வெடித்த ப்ரீடென்ஷனர் செத்ததுதான், மாற்றியாக வேண்டும். செலவைப் பார்த்து மாற்றாமல், எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்க ஏர்பேக் இருந்த இடத்தில் ஒரு ரெசிஸ்டரைச் செருகி விற்கிறவர்கள் உண்டு. சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் சந்தேகம்தான். பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். பெரிய மோதலைத் தாங்கிய பெல்ட்டில் தோள் வளையம் உரசிய இடம் பளபளப்பாகவோ அலையலையாகவோ இருக்கும். பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் லேபிளில் தயாரித்த தேதி இருக்கும், அது காரின் வயதோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கலாம்.

சென்னைக் கார் என்றால் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பதும் நல்லது. ப்ரீடென்ஷனருக்கும் பக்கவாட்டு ஏர்பேக்குக்கும் போகும் மஞ்சள் நிற கனெக்டர்கள் அங்கே இருக்கும். 2015 வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ தண்ணீர் குடித்த கார் என்றால் அவற்றில் பச்சை பூத்திருக்கும் அல்லது சேறு காய்ந்திருக்கும். கார்ப்பெட்டை மாற்றுகிறவர்கள் இதைத் துடைக்க மறந்துவிடுவார்கள்.

## இரண்டாம் வகை: ஆறு ஏர்பேக் பேஸ் வேரியன்ட்

இந்தியாவில் முன்சீட்டுக்கு இரண்டு ஏர்பேக் கட்டாயம். ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்க 2022ல் வரைவு வந்தது, தள்ளிப்போனது, 2023ல் கட்டாயமாக்கப் போவதில்லை என்று அமைச்சர் நிதின் கட்கரியே சொல்லிவிட்டார். ஆனாலும் போட்டியில் இப்போது ஆல்டோ கே10 வரைக்கும் ஆறு வந்துவிட்டது. நல்லதுதான்.

ஆறு என்றால் முன்னால் இரண்டு, முன்சீட்டுகளின் பக்கவாட்டில் இரண்டு, கூரையோரம் திரையாக இறங்கும் கர்ட்டன் இரண்டு. அதாவது பின்சீட்டில் இருப்பவருக்குக் கிடைப்பது ஜன்னல் பக்கத் தலைப் பாதுகாப்பு மட்டும். நேருக்கு நேர் மோதினால் அவருக்கு எதிரில் எந்தப் பையும் இல்லை, பெல்ட் மட்டுமே. பல கார்களில் பின்சீட்டு பெல்ட்டில் ப்ரீடென்ஷனரும் கிடையாது, லோடு லிமிட்டரும் கிடையாது.

இது சின்ன விஷயம் இல்லை. ஐஐஎச்எஸ் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பின் கணக்குப்படி, புதிய கார்களில் பெல்ட் போட்ட பின்சீட்டுக்காரருக்குச் சாவு அபாயம், பெல்ட் போட்ட முன்சீட்டுக்காரரைவிட 46 சதவீதம் அதிகம். பின்சீட் ஆபத்தாகிவிட்டதால் இல்லை, முன்சீட் மட்டும் முன்னேறி பின்சீட் அதே இடத்தில் நின்றுவிட்டதால். 2022 டிசம்பரில் அவர்கள் சோதனையையே மாற்றி, பின்சீட்டில் சிறிய உருவப் பெண் பொம்மையை உட்கார வைத்தார்கள். நம் பாரத் என்கேப்பின் முன்பக்க மோதல் சோதனையில் பின்சீட்டில் இருப்பவை சைல்டு சீட்டில் வைத்த குழந்தை பொம்மைகள். ஆக ஐந்து நட்சத்திரம் என்று போட்டிருந்தாலும், பின்னால் உட்காரும் எழுபது வயது அம்மாவின் விலா எலும்பு என்ன ஆகும் என்பதை அந்த நட்சத்திரம் சொல்லாது.

பின்சீட்டில் பெல்ட்டே போடாமல் போனால்? 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் கூட இருந்தவரும் இறந்தார்கள். இருவரும் பின்சீட், இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை. முன்னால் இருந்த இருவர் காயத்தோடு பிழைத்தார்கள். ஏர்பேக்குக்குப் பஞ்சமில்லாத விலை உயர்ந்த கார் அது. அதே வருடம் நாட்டில் சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர் என்று சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது, அதில் 8,331 பேர் ஓட்டுநர் அல்லாத பயணிகள்.

இந்த வகைக் காரின் மறைமுகச் செலவு நாமே உண்டாக்குவது. டெலிவரி எடுத்த கையோடு சீட் கவர் போடுகிறோம், அது பக்கவாட்டு ஏர்பேக் வெளியே வரும் தையலை மூடிவிடுகிறது. அதற்கென்று விரியும் தையல் வைத்த கவர் கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கவரே வேண்டாம். பின்சீட் கவர் பக்கிளை உள்ளே தள்ளிவிடும், அப்புறம் யார் அதைத் தோண்டி எடுத்து பெல்ட் போடப் போகிறார்கள்? டேஷ்போர்டில் இடப்பக்கம் ஒட்டிய பிள்ளையாரையும் நகர்த்தி வையுங்கள், ஏர்பேக் மூடி திறக்கும் வேகத்தில் அவர் எங்கே போய் விழுவார் என்று சொல்ல முடியாது. முன்னால் மாட்டும் புல் பாரை 2017லேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. மோதலின் விசை சென்சாருக்குப் போய்ச் சேரும் விதத்தையே அது மாற்றிவிடும்.

## மூன்றாம் வகை: அடாப்டிவ் ஏர்பேக், அடாப்டிவ் பெல்ட்

சாதாரண ஏர்பேக் ஒரே பலத்தில் விரியும். சாதாரண லோடு லிமிட்டர் ஒரே அளவில் விட்டுக்கொடுக்கும். இரண்டுமே ஒரு சராசரி ஆம்பிளைக்கு அளவெடுத்துத் தைத்தவை என்று சொன்னால் பெரிய தப்பில்லை. 45 கிலோ எடையில், ஸ்டீயரிங்குக்கு நெருக்கமாக சீட்டை இழுத்துப் போட்டு ஓட்டும் பெண்ணுக்கும், 100 கிலோ ஆளுக்கும் ஒரே விசை எப்படிப் பொருந்தும்?

அடாப்டிவ் அமைப்பில் சீட்டில் எடை சென்சார், சீட் எவ்வளவு முன்னால் இருக்கிறது என்று பார்க்கும் சென்சார், பக்கிள் பூட்டியிருக்கிறதா என்ற தகவல், மோதலின் கடுமை எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போகும். அது பையை ஊதும் இன்ஃப்ளேட்டரின் இரண்டு கட்டங்களில் ஒன்றை மட்டும் வெடிக்கலாம், இரண்டையும் வெடிக்கலாம், முன்சீட்டில் குழந்தை இருப்பதாகத் தெரிந்தால் அந்த ஏர்பேக்கை அடக்கியே வைக்கலாம். அமெரிக்கா 2000ல் விதி போட்டு, 2003 முதல் 2006க்குள் இதைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. பெல்ட்டிலும் அதே கதை: லோடு லிமிட்டருக்கு இரண்டு மூன்று நிலைகள் வந்தன. வால்வோ 2025ல் அறிவித்த புதிய பெல்ட்டில் 11 நிலைகள். பெரிய ஆள், கடுமையான மோதல் என்றால் இறுக்கிப் பிடித்துத் தலையைக் காக்கும். சிறிய ஆள், லேசான மோதல் என்றால் தளர்த்தி விலா எலும்பைக் காக்கும். சில சொகுசு கார்களில் இன்னொன்றும் உண்டு: மோட்டார் வைத்த பெல்ட், திடீர் பிரேக் பிடித்தவுடன், மோதுவதற்கு முன்பே இழுத்துப் பிடித்துவிடும். மோதல் நடக்காவிட்டால் தளர்ந்துவிடும், எதையும் மாற்ற வேண்டியதில்லை. 2002ல் மெர்சிடிஸ் இதைக் கொண்டுவந்தது.

உருவத்தில் சிறியவர்கள், வயதானவர்கள் இவர்களுக்குத்தான் இதில் லாபம் அதிகம். சராசரி உடல்வாகு உள்ள முப்பது வயது ஆளுக்கு, இரண்டாம் வகையிலிருந்து இதற்குத் தாவுவதால் கிடைக்கும் கூடுதல் பலன் குறைவு என்பது என் அபிப்பிராயம்.

செலவு நிறைய. சீட் சென்சார் பாயின் மீது தண்ணீர் கொட்டினாலோ தடிமனான கவர் போட்டாலோ தவறான தகவல் போகலாம், எச்சரிக்கை விளக்கு எரியலாம். ஏர்பேக் விரிந்துவிட்டால் பை, கம்ப்யூட்டர், ப்ரீடென்ஷனர், டேஷ்போர்டு என்று பில் ஏறிக்கொண்டே போகும். கார் கொஞ்சம் பழையது என்றால் இன்ஷூரன்ஸ்காரர் டோட்டல் லாஸ் என்று எழுதிவிடுவார். இன்னொரு வலி: வெளிநாட்டில் விற்கும் அதே பெயருள்ள காரில் இருப்பதெல்லாம் இங்கே விற்கும் மாடலில் இருக்கும் என்று இல்லை. யூடியூபில் ஐரோப்பிய ரிவ்யூ பார்த்துவிட்டு புக்கிங் போடாதீர்கள், இந்திய பிராஷரைப் பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| பார்க்க வேண்டியது | இரண்டு ஏர்பேக், நல்ல பெல்ட் | ஆறு ஏர்பேக் பேஸ் | அடாப்டிவ் |
|---|---|---|---|
| நேருக்கு நேர், முன்சீட் | நன்று, பாடி உறுதியாக இருந்தால் | நன்று, பாடி உறுதியாக இருந்தால் | மிக நன்று |
| பக்கவாட்டு மோதல் | பலவீனம் | நன்று | நன்று |
| பின்சீட், நேருக்கு நேர் | பின் பெல்ட்டைப் பொறுத்தது | பின் பெல்ட்டைப் பொறுத்தது | பெரும்பாலும் மேல், கேட்டு உறுதி செய்ய வேண்டும் |
| முதியவர், சிறிய உருவம் | சுமார் | சுமார் | இதில்தான் பெரிய லாபம் |
| மறைமுகச் செலவு | பழைய கார் சோதனை, ரீகால் | சீட் கவர், அலங்காரம் | ரிப்பேர், சென்சார் |

ரீகால் என்று அட்டவணையில் சொன்னது டகாட்டா விவகாரத்தை. அந்த நிறுவனத்தின் ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்களில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், வெயிலும் ஈரப்பதமும் பல வருடம் பட்டுக் கெட்டுப்போய், வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை முகத்தில் வீசியது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் இன்ஃப்ளேட்டர்கள் திரும்பப் பெறப்பட்டன, 2017ல் நிறுவனம் திவாலானது. இந்தியாவிலும் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. வெயிலும் ஈரமும் கூடிய கடற்கரை ஊர்களில் பத்து வருடத்துக்கு மேல் ஓடிய கார் வாங்குகிறவர்களுக்கு, கம்பெனி இணையதளத்தில் சேஸிஸ் எண்ணைப் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும்.

## யாருக்கு எது

பெரும்பாலும் தனியாகவோ இருவராகவோ நெடுஞ்சாலையில் போகிறவர், பட்ஜெட் இடிக்கிறது என்றால், நல்ல கிராஷ் டெஸ்ட் முடிவுள்ள இரண்டு ஏர்பேக் காரை வாங்கலாம். ஏர்பேக் எண்ணிக்கைக்காக பாடி தேறாத காருக்குத் தாவ வேண்டாம்.

அதே விலைக்கு, அதே அளவு உறுதியான பாடியோடு ஆறு ஏர்பேக் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், ஆறுதான். நகரத்துக்குள் சந்திப்புகளில் அதிகம் ஓட்டுகிறவருக்கு இது இன்னும் பொருந்தும்.

குடும்பத்தோடு போகிறவர்கள், ஒரு வேரியன்ட் மேலே போவதா வேண்டாமா என்று குழம்பினால், சன்ரூஃபை விட்டுவிட்டு பின்சீட் பெல்ட்டில் ப்ரீடென்ஷனரும் லோடு லிமிட்டரும் எந்த வேரியன்ட்டில் வருகிறது என்று கேளுங்கள். விற்பனையாளருக்குத் தெரியாமல் இருக்கலாம், பிராஷரின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். நடு சீட்டுக்கு மூன்று முனை பெல்ட் இருக்கிறதா, இடுப்புக்கு மட்டுமா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

வீட்டில் வயதானவர்கள் முன்சீட்டில் உட்காருவார்கள், அல்லது ஓட்டப்போகிறவர் உயரம் குறைந்தவர், கையில் காசும் இருக்கிறது என்றால் அடாப்டிவுக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. காசு இல்லாதவர்கள் அதில் ஒரு பங்கை இலவசமாகவே வாங்கலாம்: ஸ்டீயரிங் நடுவிலிருந்து நெஞ்சு குறைந்தது 25 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்படி சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, தோள் பெல்ட்டின் உயரத்தைச் சரிசெய்து, இடுப்புப் பட்டையை வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பில் படும்படி இறக்கிப் போடுவது.

பெல்ட் போடாமல் அலாரத்தை ஏமாற்ற ஒரு கிளிப் விற்கிறதே, அதை விற்ற ஐந்து ஆன்லைன் நிறுவனங்கள் மீது 2023ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நடவடிக்கை எடுத்தது. அது உங்கள் காரில் இருந்தால் மேலே சொன்ன மூன்று வகையில் எதை வாங்கினாலும் ஒன்றுதான். அலாரம் அடிக்காவிட்டாலும் போலீஸ் பிடித்தால் 1,000 ரூபாய் அபராதம், பின்சீட்டுக்கும் சேர்த்து.

கைக்குழந்தை உள்ளவர்களுக்கு ஒன்று மட்டும் தனியாக. பின்நோக்கி வைக்கும் குழந்தை சீட்டை, ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது. பின்சீட்டில் குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருக்கின்றனவா என்று கையை விட்டுத் தொட்டுப் பாருங்கள். முன்சீட்டில் வைத்தே ஆக வேண்டும் என்றால் ஏர்பேக்கை அணைக்கும் சாவித் துளை அந்த வேரியன்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், பல கார்களில் அது டேஷ்போர்டின் இடது ஓரத்தில், கதவைத் திறந்தால்தான் கண்ணில் படும்.